ஏரியைக் கெடுத்தவர்

ஏரி பச்சையாவதற்கு முன்பே, ஏரி தூய்மையாகிவிட்டது என்று ஈரநில மீட்பு ஆணையம் அறிவித்திருந்தது. அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதலில் பார்த்தவர் ஐஸ்காரர். ஏரிக்கரையில் அவருடைய ஐஸ் தொழிற்சாலை இருந்தது. தொழிற்சாலை என்பது பெரிய வார்த்தை. ஒரு தகரக் கொட்டகை, இருமிக்கொண்டே ஓடும் ஒரு கம்ப்ரஸர், ஓர் உப்புநீர்த் தொட்டி, அதில் கழுத்தளவு முங்கி நிற்கும் டின்கள். ஏரித் தண்ணீரைக் குழாயில் இழுத்து, மணலில் வடிகட்டி, டின்களில் நிரப்புவார். உறைந்த கட்டிகளைப் பார் பாராக எடுத்து மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் அனுப்புவார். அப்பா காலத்திலிருந்து அதுதான் பிழைப்பு.

ஐஸ் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். தண்ணீரில் உள்ள கசடெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் நல்ல தண்ணீரில்கூடப் பாரின் நடுவே வெள்ளையாகப் புகை போல ஒன்று நிற்கும். அன்று காலை நின்றது பச்சை. கண்ணாடி போன்ற பாருக்குள் மேலிருந்து கீழ் வரை, விரல் தடிமனில், நரம்பு மாதிரி.

மத்தியானம் மைத்துனன் போனில் கத்தினான். அவன் கடைத்தெருவில் ஜூஸ் கடை வைத்திருந்தான்.

"என்ன மச்சான், ஐஸுக்குள்ள கீரை நட்டு வச்சிருக்கீங்க?"

"டின்னு அழுக்காயிருக்கும். தேய்ச்சுடறேன்."

"டின்னைத் தேய்ப்பீங்களோ, தலையைத் தேய்ப்பீங்களோ. இங்க ஒருத்தர் கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு. பார்த்துட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாரு. அந்தப் பார்வைக்கு நான் கடையை மூடியிருக்கணும்."

ஐஸ்காரர் டின்களைத் தேய்த்தார். மணலை மாற்றினார். மறுநாள் நரம்பு இன்னும் தடித்திருந்தது.

ஏரிக்கு மேல்புறம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம் இருந்தது. அதை வடித்து வயலாக்கினார்கள். உரத்தைக் கொட்டிக் கொட்டி விளைவித்தார்கள். நிலமும் சலித்தது, உழுதவர்களும் சலித்தார்கள். அப்போது ஆணையம் வந்து வயல்களை வாங்கியது. கரையை உடைத்து ஓடையை உள்ளே திருப்பியது. நாணல் நட்டது. 'சதுப்பு நிலம் ஏரியின் சிறுநீரகம்' என்று பலகை வைத்தது. ஓடை கொண்டுவரும் அழுக்கைச் சதுப்பு பிடித்துக்கொள்ளும். ஏரிக்குத் தெளிந்த தண்ணீர் போகும். இதுதான் திட்டம். திறப்பு விழா மேடையிலேயே வெற்றியும் அறிவிக்கப்பட்டது. விளைவுக்குக் காத்திருக்கும் பழக்கம் ஆணையத்துக்கு இல்லை.

ஐஸ்காரர் ஒரு முழுப் பாரைச் சாக்கில் சுற்றினார். மரத்தூள் தூவி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். வாயிலில் காவலாளி மறித்தார்.

"மூட்டையில என்ன?"

"புகார்."

"புகார் சொட்டுதே."

உள்ளே விட்டார்கள். ஆணையர் கூட்டத்தில் இருந்தார். சுவர்ப் படங்களில் பறவைகள் பறந்தன. மூலையில் கடையில் வாங்கிய குடிநீர் பெரிய புட்டியில் கவிழ்ந்து நின்றது. ஐஸ்காரர் நாற்காலியில் அமர்ந்து சாக்கை மடியில் வைத்துக்கொண்டார். பார் கரைந்தது. தண்ணீர் அவர் முழங்காலில் இறங்கி, செருப்பில் நிறைந்து, நாற்காலிகளுக்குக் கீழே ஊர்ந்தது. காத்திருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்தாமல் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். அங்கே வருபவர்களுக்கு எதற்கும் பழக்கம் உண்டு.

அவர் பெயர் கூப்பிடப்பட்டபோது சாக்கு காலி. ஆணையரே வெளியே வந்து தரையைப் பார்த்தார்.

"இது தண்ணீர்."

"காலையில ஐஸா இருந்துச்சுங்க ஐயா."

"இங்கே வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், காலையில் வேறு மாதிரி இருந்ததாக."

"நடுவுல பச்சையா ஓடுது, பாருங்க."

"பச்சை ஆணையத்தின் நிறம்." ஆணையர் குரலைத் தாழ்த்தினார். அன்பாகப் பேச வேண்டிய இடங்களில் அவர் குரலைத் தாழ்த்துவார். "ஐஸ்காரரே, வாரம் தவறாமல் நாங்கள் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறோம். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிறோம். எடுக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்கிறோம். ஒரு தடவைகூடக் குறை வந்ததில்லை."

"எங்க எடுக்கறீங்க ஐயா?"

"ஓடை சதுப்புக்குள் நுழைகிற இடத்தில்."

"அது மலைத் தண்ணி. நல்லாத்தான் இருக்கும். வெளிய வர்ற இடத்துல?"

அருகில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த துணை ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். சுவர்ப் பறவைகள்கூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

"வெளியே வருகிற இடத்தில் எடுத்தால் என்ன அர்த்தம்?" என்றார் ஆணையர். "எங்கள் சதுப்பை நாங்களே சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். உங்களுக்குப் பிள்ளை உண்டா?"

"ஒரு பொண்ணு. எட்டு வயசு."

"அவள் பின்னால் வேவுக்கு ஆள் போடுவீர்களா?"

"மாட்டேங்க."

"அவ்வளவுதான்."

தரையைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். துடைத்தார். துணி பச்சையாகிவிட்டது. துணி அலுவலகத்தின் சொத்து என்று துணை ஆணையர் அதை வாங்கிக் கொண்டுபோனார்.

அந்த வாரம் ரொட்டிக் கடைக்காரரின் நாய் ஏரியில் இறங்கிக் குளித்தது. கரையேறி உடம்பை நக்கியது. பிறகு கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கடைக்காரர் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆணையம் விரைந்து செயல்பட்டது. 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று கரையில் பலகை வைத்தது. அடுத்து வாத்துகள் வயிறு மேலாக மிதந்தன. அதே பலகையில் 'வாத்துகளுக்கும்' என்று சேர்த்தார்கள்.

ஏரித் தண்ணீர் வரும் ஊர்க் குழாயில் அழுகிய மண் வாடை அடித்தது. ஐஸ்காரரின் மனைவி குடத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தாள்.

"எலி எதுவும் செத்துக் கிடக்குதா தொட்டியில?"

"தொட்டியில இல்ல," என்றார் ஐஸ்காரர்.

ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஐஸ் வாங்க வந்தாள். கையில் மூடிய பெட்டி. தண்ணீர்ப் புட்டிகளை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குக் கெடாமல் அனுப்ப வேண்டுமாம்.

"எந்தத் தண்ணிம்மா?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சதுப்போட கடைசி முனை. யாரும் சொல்லல, நானா எடுத்தேன்."

"என்னதான் ஆகுது அங்க?"

"நாப்பது வருஷமா அந்த மண்ணுக்கு உரத்தை ஊட்டியிருக்காங்க அண்ணே. காத்துப் பட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் மண்ணு அதை இறுக்கிப் பிடிச்சு வச்சிருந்துச்சு. மேல தண்ணியைத் தேக்கினதும் உள்ள காத்து இல்லாமப் போச்சு. பிடி விட்டுடுச்சு. தின்ன உரத்தையெல்லாம் இப்ப ஏரிக்குள்ள கக்குது. பாசிக்கு அதுதான் விருந்து."

"சதுப்பு அழுக்கைப் பிடிக்கும்னாங்களே?"

"நல்ல மண்ணா இருந்தா பிடிக்கும். தண்ணி விடறதுக்கு முன்னாடி மேல்மண்ணை வழிச்சுத் தள்ளியிருக்கணும்."

"ஏன் தள்ளல?"

"ஆணையத்துக்கு மண்ணு நிரப்ப அனுமதி இருக்கு. எடுக்க இல்ல. அதனால இன்னும் கொஞ்சம் நிரப்பினாங்க."

ஐஸ்காரர் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கொதிக்க வச்சுக் குடிச்சா?"

"பாசி சாகும். விஷம் சாகாது."

"ஐஸ் ஆக்கினா?"

அவள் பெட்டியில் ஐஸை அடுக்கினாள். போகும்போது சொன்னாள்: "ஈரலைத்தான் பிடிக்கும். சத்தம் போடாமப் பிடிக்கும். சின்னப் பிள்ளைங்களை முதல்ல."

அன்றே அவர் கம்ப்ரஸரை நிறுத்தினார். வீட்டுக்கு லாரித் தண்ணீர் வரவழைத்தார். மனைவி அதைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"வீட்ல லாரித் தண்ணி, சரி. பள்ளிக்கூடத்துல அவ குழாய்லதானே வாயை வைக்கிறா?"

இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது: ஆய்வுக்கூடத்துப் பெண்ணைப் பறவை வரவேற்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் நாள் முழுக்க ஒரு கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பறவைகள் வரவில்லை. அவற்றுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு காலை, ஆணையரே ஐஸ் கொட்டகைக்கு வந்தார். துணை ஆணையரும் உடன் வந்தார். மைத்துனன் கடையில் மீந்திருந்த ஒரு பாரை ஆணையர் பார்த்துவிட்டார். பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம்.

"என்ன அழகு! பளிங்குக்குள் ஒரு பசுமை. எங்கள் உழைப்பை இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. மீட்பின் மூன்றாம் ஆண்டு விழா வருகிறது. பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளாஸ் ஏரித் தண்ணீர். அதில் உங்கள் ஐஸ் ஒரு துண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் குடிக்கிறார்கள்."

"ஐயா, நாய் செத்துச்சு."

"அந்த நாய் பலகையை மதிக்கவில்லை."

"செத்த பிறகுதானே பலகையே வச்சீங்க?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். பலகை வைத்த பிறகு அந்த நாய் சாகவே இல்லை."

ஐஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "நான் மிஷினை நிறுத்திட்டேன் ஐயா."

"ஓட்டுவீர்கள்," என்றார் ஆணையர், குரலைத் தாழ்த்தி. "நீங்கள் ஓட்டாவிட்டால் இந்தக் கொட்டகையை நாங்கள் ஓட்ட வேண்டியிருக்கும். குழந்தைகளை ஏமாற்றக் கூடாது. உங்கள் மகளும் வரிசையில் இருக்கிறாள். முன்வரிசை. நானே பார்த்துச் சொன்னேன்."

லாரித் தண்ணீரில் ஐஸ் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஐஸ்காரர் நினைத்தார். ஆணையமும் நினைத்திருக்கிறது. துணை ஆணையர் நாற்காலி போட்டுத் தொட்டியருகே உட்கார்ந்துவிட்டார். ஏரித் தண்ணீரைத் தன் கையாலேயே டின்களில் மொண்டு ஊற்றினார். தூய்மையில் சமரசம் கிடையாது என்று சொல்லி, மணல் வடிகட்டியைக்கூடக் கழற்றச் சொன்னார்.

மகளை விழாவுக்கு அனுப்பாமல் இருக்கலாம். மனைவி அதைத்தான் சொன்னாள். காய்ச்சல் என்று சொல்லிப் படுக்க வைத்துவிடலாம்.

"மத்த பிள்ளைங்க?" என்றார்.

"மத்தவங்க வீட்டுலயும் அப்பா அம்மா இருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியாதே."

"சொல்லுங்க."

சொன்னார். ரொட்டிக் கடைக்காரர் நம்பினார். நாயை இழந்தவர். மற்றவர்கள், வியாபாரம் படுத்துவிட்டதால் ஐஸ்காரருக்கு மனசு சரியில்லை என்றார்கள். மைத்துனன் மட்டும் தன் கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அவன் மனைவிக்கு அது நிறைமாதம்.

விழாவுக்கு முந்தின நாள் ஐஸ்காரர் குடிநீர் நிலையத்துக்குப் போனார். அங்கே பொறியாளர் அவருடன் படித்தவர்.

"குழாயை மூடுடா."

"எப்படிடா மூடுறது?"

"கையால."

"கையால மூட ஒரு நிமிஷம் போதும். காரணம் வேணும்ல? விதியில ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. வெளியாள் யாராவது ஏரியில எதையாவது கலந்தா, யாரையும் கேக்காம மூடிடலாம். ஏரியையே மூடிடலாம். ஆணையத்து நிலத்துலேர்ந்து வர்றதுக்குப் பேரு கலப்பு இல்லடா. வரத்து."

"நீ என்ன குடிக்கிற?"

பொறியாளர் மேஜைக்குக் கீழே காலால் எதையோ தள்ளினார். கடைப் புட்டி உருண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றது.

விழா ஏரிக்கரையில் நடந்தது. பந்தலுக்குக் கீழே மேடை. கரையோரம் பெயின்ட் கொட்டிய மாதிரி தடித்த பச்சை. காற்று திரும்பும்போதெல்லாம் மேடையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். உணர்ச்சிவசப்பட்டதாகப் புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார். குழந்தைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். கையில் கிளாஸ். கிளாஸுக்குள் பச்சை நரம்பு ஓடிய ஐஸ். ஐஸ்காரரின் மகள் முன்வரிசையில் மூன்றாவதாக நின்றாள். காய்ச்சல் நாடகம் எடுபடவில்லை. காலையில் ஆணையத்தின் வண்டியே வீட்டுக்கு வந்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அழைத்துப் போய்விட்டது.

ஆணையர் பேசினார்.

"மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரியில் என்ன இருந்தது? வெறும் தண்ணீர். குனிந்தால் அடி தெரிந்தது. அடி தெரிகிற ஏரியில் ஆழம் ஏது? இன்று பாருங்கள், விரலை விட்டால் விரல் தெரியவில்லை. எத்தனை வளம்! சிலர் கேட்கிறார்கள், மீன்கள் ஏன் மேலே வருகின்றன என்று. நம்மைப் பார்க்க வருகின்றன. சிலர் கேட்கிறார்கள், ஆணையர் இந்தத் தண்ணீரைக் குடிப்பாரா என்று. நான் குடித்தால் அது விளம்பரம். குழந்தைகள் குடித்தால் அது நம்பிக்கை. நான் மூன்று எண்ணுவேன்."

"ஒன்று," என்றார்.

குழந்தைகள் கிளாஸை உயர்த்தினார்கள்.

"நான்தான் கலந்தேன்!"

யார் கத்தியது என்று ஐஸ்காரரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர்தான்.

"ஏரியில நான்தான் கலந்தேன். விஷம். யாரும் குடிக்காதீங்க."

ஆணையர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். "என்ன கலந்தீர்கள்?"

"பச்சை."

"எவ்வளவு?"

"நிறைய."

"எதற்காக?"

அதை ஐஸ்காரர் யோசித்து வைத்திருக்கவில்லை. ஏரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "பொறாமை," என்றார்.

ஆணையரின் முகம் மெல்ல மலர்ந்தது. மூன்று ஆண்டுகளாக யாரும் அவருக்கு அவ்வளவு பெரிய உதவி செய்ததில்லை. "எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் துணை ஆணையரிடம். "பொறாமை."

அதற்குப் பிறகு எல்லாம் மின்னலாக நடந்தது. ஆணையரே மேடையிலிருந்து குதித்து, குழந்தைகள் கையிலிருந்து கிளாஸ்களைப் பிடுங்கினார். பொறியாளர் ஓடிப்போய்க் குழாயை மூடினார். ஏரியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண்ணைக் கோபுரத்திலிருந்து இறக்கி, சதுப்பின் கடைசி முனையில் தண்ணீர் எடுக்கச் சொன்னார்கள்; குற்றத்துக்குச் சாட்சியம் வேண்டுமே. ஏரித் தண்ணீர் கொடிய விஷம் என்று ஆணையமே ஒலிபெருக்கியில் தெருத்தெருவாக அறிவித்தது. வெளியூரிலிருந்து குடிநீர் லாரிகள் வந்தன. இத்தனையும் சாப்பாட்டு வேளைக்குள்.

ஐஸ்காரரைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, நீங்களா?"

"ஆமாம்மா. குடிச்சியா?"

"இல்ல."

"நாக்குல பட்டுச்சா?"

"இல்லப்பா."

"சரி. போய்க் கையைக் கழுவு. லாரித் தண்ணியில."

அவர் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். ஏரியைக் கெடுத்தவர் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியது. மகளைப் பள்ளியில் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆனால் பிள்ளைகள் யாருக்கும் வாந்தி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. சிறைக்குள் ஐஸ்காரர் நன்றாகத் தூங்கினார்.

ஓராண்டுத் தண்டனை முடியும் நேரத்தில் ஆணையர் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கொண்டுவந்த புட்டியிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"ஒரு சங்கடம். நீங்கள் வெளியே வந்தால் குற்றம் தீர்ந்தது. குற்றம் தீர்ந்தால் ஏரி சுத்தம். சுத்தமான ஏரியின் குழாயை மூடி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"தண்ணி எப்படி இருக்கு ஐயா?"

ஆணையர் சுற்றும் முற்றும் பார்த்தார். "போன வருஷத்தைவிட வளம்."

"அப்ப, இந்தத் தடவையும் நான்தான் கலந்தேன்னு எழுதிக்குங்க."

"முடியாதே. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். ஆணையம் பொய் எழுதாது. வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும்."

"நீங்க கலந்ததா எழுதலாமே."

ஆணையர் அதை நேர்மையாக யோசித்தார். "ஆணையத்தார் கலந்தால் அது கலப்பு ஆகாது, ஐஸ்காரரே. வரத்து ஆகிவிடும்." எழுந்து கொண்டார். "வெள்ளிக்கிழமை குழாயைத் திறக்கிறோம்."

வெள்ளிக்கிழமை காலை ஐஸ்காரரை விட்டார்கள். வாசலில் எதிரே மைத்துனன் வந்தான். கையில் ஒரு பாய், சோப்பு டப்பா, இரண்டு போலீஸ்காரர்கள்.

"எங்கடா?"

"கலந்துட்டேன் மச்சான். நேத்து ராத்திரி. ஊர்ல பேசி முடிவாச்சு." அவன் சிரிக்கப் பார்த்தான். "பிள்ளைக்குப் பால் பவுடர் கரைக்க நல்ல தண்ணி வேணும்ல? உள்ள சாப்பாடு எப்படி?"

"உப்பு இருக்காது."

"அது பரவால்ல. உங்க தங்கச்சி சமைச்சதா நெனச்சுக்கறேன்."

கதவு அவனுக்குப் பின்னால் மூடியது.

மனைவி சாலையோரம் காத்திருந்தாள். மகள் அவள் கையை விட்டு ஓடி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் நடந்தார்கள். ஆணையத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆணையத்தின் பக்கவாட்டில் புதிதாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. 'கலந்தவர்கள் இங்கே அணுகவும்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே நிழலுக்குத் தகரம் போட்டு, உட்கார பெஞ்சும் போட்டிருந்தார்கள். பெஞ்சில் ரொட்டிக் கடைக்காரர் உட்கார்ந்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் அவரு," என்றாள் மனைவி. "அப்புறம் முடி வெட்டறவரு. அப்புறம் டீச்சர். வீட்டுக்கு ஒருத்தர்னு பேசியிருக்காங்க. ஒரு சுத்து முடிஞ்சா மறுபடி நம்ம வீடு."

"நானே போறேன்."

"ஒருத்தர் ரெண்டு தடவை போனா ஆணையம் நம்பாதாம்." அவள் குரல் தாழ்ந்தது. "இவ பேரைச் சொல்லியிருக்காங்க."

ஐஸ்காரர் நின்றுவிட்டார். மகள் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பொண்ணுடி."

"முறை வர்றப்போ இருபது தாண்டியிருக்கும்னாங்க."

"அதுக்குள்ள ஏரி தெளிஞ்சிடாதா? மண்ணும் எத்தனை காலத்துக்குத்தான் கக்கும்?"

மனைவி ஏரியின் அந்தக் கரையைப் பார்த்தாள். அங்கே பழைய வயல்களின் வரப்புகளை ஒரு புல்டோசர் வரிசையாக உடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கமும் வாங்கிட்டாங்க," என்றாள். "திங்கக்கிழமை தண்ணி விடறாங்க."